இரசாயனம் படிக்கப் போன வைத்தியர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுத் தங்கைமார் கேட்டார்கள். மருத்துவத்தோடு தொடர்புள்ளவராக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். பெண்கள் பாடசாலை மலர் என்பதால் நான் ஒரு பெண்மணியைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மேரி கியூரியை நாம் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்துவிட்டோம். நான் எடுத்துக்கொண்டவர் ஓர் ஆண்; தமிழரும் அல்லர். ஆனால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், இன்று நம் சகோதரியர் வாழும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும், அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஒரு மாத்திரையாவது நுழையாத வீடு அருமை. நம்மில் தாயான அநேகமாக எல்லோரும் கர்ப்பகாலத்தில் ஃபோலிக் அமில மாத்திரை விழுங்கியிருக்கிறோம். அதை முதன்முதலில் செயற்கையாகச் செய்தெடுத்த ஆய்வுக்குழுவின் தலைவர்தான் இவர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்தைத் தந்தவரும் இவரே.

யெல்லப்பிரகட சுப்பராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானம் குறைவு. பதின்மூன்று வயதளவில் பையன் காசிக்குப் புறப்பட்டுவிட்டான். யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகலாம் என்பது அவன் போட்ட கணக்கு. தாய் வெங்கம்மா விடவில்லை. தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் இருத்தினார். அதன் பிறகும் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அவர் சித்தியடைந்தது மூன்றாம் முறைதான், அதுவும் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்த இந்து உயர்நிலைப் பள்ளிக்கு மாறிய பின்னர்.

தேர்ட் ஷை என்ற சொல் நம் வீடுகளில் எவ்வளவு பாரமானது என்று உங்களுக்குத் தெரியும். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, மூன்றாம் முறையும் மருத்துவபீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல், இரசாயனவியல் படிக்கப் போன பிள்ளைகள் நமது வகுப்பிலேயே இருந்தார்கள். கலியாண வீட்டில் கண்டால் பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்கும் மாமிமாருக்கு அவர்களுடைய அம்மாமார் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. மருத்துவம் கிடைத்த நாங்கள் முன் வாங்கிலும், கிடைக்காத அவர்கள் பின் வாங்கிலும் இருப்பது போன்ற ஓர் எண்ணம். சுப்பராவின் கதை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அவர் மருத்துவப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பின் வாங்கைத் தானாகத் தேடிப் போனவர் என்பதுதான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும் காலத்தில் அவருக்கு இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாகும் ஆசை இருந்தது. தாய் சம்மதிக்கவில்லை. சேவைதான் நோக்கமென்றால் வைத்தியம் படிக்கலாமே என்று மிஷனில் இருந்தவர்கள் வழி காட்ட, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். (டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் பெற்று வெளியேறிய அதே கல்லூரி. நம்மவர் பலர் சிகிச்சைக்குப் போய்வந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கியவர் அவர்.) படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினார்கள். 1919இல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பராவ் மணந்தார்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு இவர் சத்திரசிகிச்சை அங்கியைக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாகச் செய்தும், முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தகைமையே கையில் கிடைத்தது. அதனால் அரசாங்க மருத்துவ சேவைக்குப் போக முடியாமல், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார்.

அந்த ஆண்டுகளில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற நோயால் இறந்தார்கள். குடல் உணவை உறிஞ்சாமல் வயிற்றால் போய், இரத்தம் வற்றி உடம்பு உருகும் நோய் அது. சுப்பராவுக்கும் வந்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி அவரைக் குணப்படுத்தினார். என்ன குறைந்து அந்தச் சகோதரர்கள் இறந்தார்கள் என்று அன்றைய மேலைத்தேய வைத்தியத்துக்கும் தெரியாது. கால் நூற்றாண்டு கழித்து, இவருடைய குழு செய்த ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயாளரின் இரத்தத்தை மீட்பதைக் கியூபாவில் வைத்தியர்கள் கண்டார்கள். கதை எழுதுபவர் இப்படி ஒரு முடிச்சைப் போட்டால் நம்பமாட்டோம்.

1923 ஒக்டோபர் 26ஆம் திகதி சுப்பராவ் பொஸ்டன் நகரில் இறங்கினார். வயது இருபத்தெட்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய மருத்துவ டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருந்தது. செலவுக்குப் பணம் இல்லை. இந்தியத் தகைமையை வைத்து அங்கே வைத்தியம் பார்க்கவும் முடியாது. பீற்றர் பென்ற் பிரிகம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை கிடைத்தது: நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. பகலில் வகுப்பு. இன்று லண்டனிலும் மெல்பேணிலும் சோதனை எழுதிக்கொண்டே இரவு வேலைக்குப் போகும் நமது தங்கைமார் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

டிப்ளோமா முடிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். அவர் உயிர் இரசாயனவியல் பகுதியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் பட்டப்பின் மாணவராகச் சேர்ந்தார். அங்கே கிடைத்த பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிறகு வந்த மருந்துகளுக்கெல்லாம் வேர் அதில்தான் இருக்கிறது.

வைத்தியபீடத்தில் எங்களுக்குக் கற்பிப்பது நோயாளியைப் பார்த்து நோயை ஊகிக்க. இரசாயன ஆய்வுகூடத்தில் கற்பிப்பது அளக்க. அளந்ததை மறுபடி அளக்க. கணக்கு உதைத்தால் ஏன் உதைக்கிறது என்று கேட்க. ஃபிஸ்க் கொடுத்த முதல் வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பொசுபரசு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடிப்பது. கேட்டால் சின்ன வேலை. பொசுபேற்றை மொலிப்டேற்றுடன் சேர்த்து, தாழ்த்தும் பொருள் ஒன்றை இட்டால் நீலநிறம் வரும். நிறத்தின் ஆழம் பொசுபரசின் அளவு. 1925இல் வெளியான ஃபிஸ்க் - சுப்பராவ் முறை உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் பல பத்தாண்டுகள் புழங்கியது.

இந்த முறையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது நீலம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. அவசரக்காரர் ஒருவர் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார். இவர்கள் அந்தத் தாமதத்தைப் பின்தொடர்ந்தார்கள். தசைக்குள் எளிதில் உடையும் ஒரு பொசுபரசுச் சேர்வை இருப்பதும், அது உடைய உடையவே நிறம் ஏறுவதும் தெரிந்தது. அதுதான் பொஸ்போகிரியற்றின், ஆண்டு 1927. தசை எதனால் இயங்குகிறது என்பதற்கு நோபல் பரிசு பெற்ற விளக்கம் ஒன்று அப்போது இருந்தது. அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 1929இல் உயர்தர உயிரியல் மாணவிகள் அத்தனை பேரும் மனனம் செய்த ஏ.ரி.பி. என்ற மூலக்கூறை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஜேர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் அதைக் கண்டிருந்தார். 1930இல் சுப்பராவுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

அதே ஆய்வுகூடத்தில் ஃபிஸ்க்கின் கீழ் பயின்ற இன்னொரு மாணவர் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ். அவருடைய ஆய்வும் அளவைதான்: பியூரின்கள் எனும் பொருள்களை மிகச் சிறிய அளவிலும் அளக்கும் முறை. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பத்து ஆண்டுகள் கழிந்தும் ஹார்வர்டில் சுப்பராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் செய்த வேலையில் ஒரு பகுதியை ஃபிஸ்க் வெளிவரவிடவில்லை என்றும், அவற்றைப் பிற்காலத்தில் வேறு ஆட்கள் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் ஹிச்சிங்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1940இல் சுப்பராவ் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடெர்லி மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போனார். 1942இல் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். பல்கலைக்கழகம் இடம் கொடுக்காதவருக்குக் கம்பனி இடம் கொடுத்தது. இதை எழுதக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

இப்போது நமக்கெல்லாம் பழக்கமான ஒரு போத்தலுக்கு வருவோம். பரீட்சைக் காலத்தில் சுடுதண்ணீரில் கலக்கி அம்மா தந்த மார்மைட். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் ஆலைத் தொழிலாளரிடையே கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைக் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். இரும்புச்சத்துக்கு அது அசையவில்லை. மார்மைட் கொடுத்ததும் மாறியது. 1931இல் அதை எழுதி வெளியிட்டார். (1934, 35இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் பட்டினியால் மெலிந்த கிராமத்தவருக்கு மார்மைட் கொடுத்ததும் உண்டு.) ஆனால் மார்மைட்டுக்குள் இருந்த அந்தப் பொருள் எது? ஈரலிலும் கீரையிலும் அதுவே இருக்கிறது என்று பலர் சந்தேகித்தார்கள். கீரை இலையிலிருந்து பிரித்தவர்கள் 1941இல், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். சுப்பராவின் குழு அதன் கட்டமைப்பைப் பிரித்தறிந்து, 1945இல் செயற்கையாகவே செய்துவிட்டது.

கட்டமைப்புத் தெரிந்துவிட்டால் இரசாயனவியலாளரின் கை சும்மா இராது. ஓர் ஒட்சிசன் இருக்கும் இடத்தில் அமினோ கூட்டத்தை வைத்தால் என்ன? இன்னோர் இடத்தில் ஒரு மெதைல் கூட்டத்தைச் சேர்த்தால்? பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத கள்ளச் சாவி ஒன்று உருவாகும். கலம் அதை ஃபோலிக் அமிலமென்று நம்பி ஏற்றுக்கொண்டு, டி.என்.ஏ. செய்ய முடியாமல் நின்றுவிடும். வேகமாகப் பெருகும் கலத்துக்குத்தான் அடி பலமாக விழும். லெடெர்லியில் அமினொப்டெரின் என்ற அந்தச் சாவியைச் செய்து 1947இல் அறிவித்த மூவரில் முதற் பெயர் டோரிஸ் சீகர் என்ற பெண் இரசாயனவியலாளருடையது. மெதைல் கூட்டமும் சேர்ந்த தம்பிதான் மெதொட்ரெக்சேற். மருந்தின் கதையைச் சொல்பவர்கள் சீகரின் பெயரை விட்டுவிடுவதே வழக்கம். நமது மலரிலாவது அது இருக்கட்டும்.

பொஸ்டன் சிறுவர் ஆஸ்பத்திரியில், சுப்பராவ் ஒரு காலத்தில் பாத்திரம் கழுவிய ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் வைத்தியர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்துகொண்டிருந்த காலம். ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகப் பெருகுவதாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் எதிர்மருந்து கொடுத்தால்? பேர்ள் ரிவரிலிருந்து அமினொப்டெரின் வந்தது. 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் பதினாறு குழந்தைகளைப் பற்றி அவர் குழு எழுதியது. பத்துக் குழந்தைகளில் நோய் பின்வாங்கியிருந்தது. சில மாதங்களுக்குத்தான், பிறகு நோய் திரும்பியது. ஆனாலும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பணிந்ததை வைத்தியர்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

அந்தக் கட்டுரை வந்து இரண்டு மாதம் கடந்த சில நாட்களில், 1948 ஆகஸ்ட் 9ஆம் திகதி சுப்பராவ் படுக்கையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று.

அவர் காலத்தில் லெடெர்லியிலிருந்து வந்தவை இவை மட்டுமல்ல. பெஞ்சமின் டகர் கண்டுபிடித்த ஒரியோமைசின், டெட்ராசைக்கிளின் இனத்தின் முதல் மருந்து. 1947இல் வந்த ஹெட்ராசன், அதாவது டை எதைல் கார்பமசீன், யானைக்கால் நோய்க்கு. கொழும்பிலிருந்து மாத்தறை வரையான கரையோரத்தில் யானைக்கால் எவ்வளவு பழகிய காட்சியாக இருந்தது என்பது நமது மூத்த அக்காமாருக்குத் தெரியும். புழு இரவில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால், விரலில் குத்தி இரத்தம் எடுக்கச் சுகாதார உத்தியோகத்தர்கள் இரவில் வீடு வீடாக வருவார்கள். 2016இல் இலங்கையில் யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று தந்தது. அந்த வெற்றியில் அந்த மாத்திரைக்குப் பெரும் பங்குண்டு.

சேஷகிரியைப் பற்றி எழுதாமல் இந்தச் சரிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. கணவர் கப்பலேறியபோது அவர் கர்ப்பிணி. பிறந்த ஆண் குழந்தையைத் தகப்பன் ஒரு நாளும் காணவில்லை. அது கைக்குழந்தையாகவே இறந்தது. படிப்பு முடிந்ததும் வருவேன் என்று போனவர் இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு முறையும் திரும்பி வரவில்லை. அவருடைய பட்டங்களுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் ஆண்டு இருக்கிறது. சேஷகிரியின் காத்திருப்புக்கு எங்கும் குறிப்பில்லை. உலகத்துக்கு அவர் செய்த நன்மையைக் காட்டி இதை ஈடுசெய்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் நடந்தவை, அவ்வளவுதான்.

இனி ஹிச்சிங்ஸ். அவர் 1944இல் நியூயோர்க்குக்கு அருகே டக்காஹோவில் இருந்த பறோஸ் வெல்கம் ஆய்வுகூடத்தில் ஓர் இளம் பெண்ணை வேலைக்கு எடுத்தார். கெர்ட்ரூட் எலியன் என்ற அந்தப் பெண்ணின் பதினைந்தாவது வயதில் பாட்டனார் இரைப்பைப் புற்றுநோயால் இறந்ததே அவரை இரசாயனவியலுக்குத் தள்ளியது. பட்டம் பெற்றும் பெண் என்பதால் ஆய்வுகூட வேலை எளிதில் கிடைக்கவில்லை. பகலில் பாடசாலையில் படிப்பித்து, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து, 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அந்த வகுப்பில் ஒரேயொரு பெண். கலாநிதிப் படிப்புக்கும் பதிந்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வா என்றார்கள். அவர் வேலையையே வைத்துக்கொண்டார். ஹிச்சிங்ஸ் அளக்கப் பழகிய அதே பியூரின்களில் ஒன்றை மாற்றியமைத்து, எலியன் செய்த கள்ளச் சாவிதான் 6-மேர்கப்டோபியூரின். 1953இல் இரத்தப் புற்றுநோய்க்கு அது பாவனைக்கு வந்தது. 1988இல் எலியனுக்கும் ஹிச்சிங்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கலாநிதிப் பட்டத்துக்கு எலியன் ஆய்வேடு எழுதியதேயில்லை.

மகரகமவிலும் உலகின் எந்த ஊரிலும், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை ஊசிகளெல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனபின், ஒன்றரை இரண்டு ஆண்டுகள் விழுங்கும் மாத்திரைகள் முக்கியமாக இரண்டு. தினமும் 6-மேர்கப்டோபியூரின், வாரம் ஒரு முறை மெதொட்ரெக்சேற். ஒரே ஆசிரியரின் கீழ் அளக்கப் பழகிய இரு மாணவர்களிடமிருந்து, ஹட்சன் ஆற்றின் இரு பக்கத்திலிருந்து வந்தவை. வசதியுள்ள நாடுகளில் இன்று இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். 1956இல் மின் சியூ லீயும் ராய் ஹேர்ட்ஸும் அமெரிக்காவில், கர்ப்பத்தின் நச்சுக்கொடித் திசுவிலிருந்து பெண்களுக்கு வரும் ஒரு புற்றுநோயை மெதொட்ரெக்சேற்றால் அடியோடு குணமாக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் கட்டியாக வளரும் எந்தப் புற்றுநோயும் மருந்தால் மட்டும் மாறியதில்லை.

நமது சங்கத்து அக்காமார் சிலர் இதே மெதொட்ரெக்சேற்றை மூட்டுவாதத்துக்குக் குடிக்கிறார்கள் என்று ஒன்றுகூடல்களில் கேள்விப்படுகிறேன். கூடவே ஃபோலிக் அமிலமும் தந்திருப்பார்கள். அது பக்கவிளைவைக் குறைப்பதற்கு. வைத்தியராக ஒரு வேண்டுகோள். மூட்டுவாதத்துக்கான மெதொட்ரெக்சேற் வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. மறதியாகத் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையையே வற்றச் செய்துவிடும். எந்தக் கிழமை என்று மருந்துச் சீட்டில் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்; அதைப் பெட்டியின் மேலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக் கண்டல் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.